ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி அந்த எரர படிங்க: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல அஞ்சு ஒரே விஷயத்த சுத்தியே இருந்துச்சு, லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் பூட் ஆகாம நிக்குதுன்னு. அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன். கமாண்ட் எல்லாம் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன், நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க, பெரிய எழுத்து வேணும்ங்கற எடத்துல தனியா சொல்லிடுறேன்.

கேள்வி: அண்ணா, எங்க அண்ணனுக்கு ஸ்கூல்ல குடுத்த பழைய கவர்மென்ட் லேப்டாப்பதான் நான் யூஸ் பண்றேன். விண்டோஸும் லினக்ஸ் மின்ட்டும் சேத்து போட்டிருக்கேன். நேத்து விண்டோஸ்ல இடம் பத்தலன்னு டிஸ்க் மேனேஜ்மென்ட் தொறந்து ஈ டிரைவ டெலிட் பண்ணேன், அதுல ஒண்ணுமே இல்ல, காலி டிரைவ். ரீஸ்டார்ட் பண்ணா கறுப்பு ஸ்க்ரீன்ல "எரர்: நோ சச் பார்ட்டிஷன்", "என்டரிங் ரெஸ்க்யூ மோட்", கீழ "க்ரப் ரெஸ்க்யூ"ன்னு போட்டு நிக்குது. விண்டோஸும் வரல மின்ட்டும் வரல. கடையில காட்டுனா ஃபார்மேட் பண்ணிதான் ஆகணும்ங்கறாங்க. ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் மின்ட்லதான் இருக்கு, அடுத்த வாரம் ரிவ்யூ. என்ன பண்றதுன்னே தெரியல.
(இன்ஜினியரிங் மாணவி, திண்டுக்கல்)

பதில்: மொதல்ல பயப்படாதம்மா, உன் ஃபைல் எதுவும் எங்கயும் போகல. ஃபார்மேட் பண்ண மட்டும் யார்கிட்டயும் குடுத்துடாத. ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, என் சித்தி பையன் போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்தான், அவன் சிஸ்டத்துலயும் இதே ரெஸ்க்யூ ஸ்க்ரீன்தான் வந்துச்சு. ஒரு சர்வீஸ் கடையில குடுத்தான், அவங்க டிஸ்க்க முழுசா அழிச்சு புதுசா விண்டோஸ் போட்டு சாயங்காலமே கையில குடுத்துட்டாங்க. ஆறு வருஷ கல்யாண போட்டோ. அதுக்கப்புறம் ஒரு அம்மா வந்து, வீட்டுக்காரர் தவறிட்டாரு, பொண்ணு கல்யாணத்துல அவர் நின்ன போட்டோ ஒண்ணு வேணும்னு கேட்டாங்களாம், இல்லன்னு சொல்லி அனுப்ப வேண்டியதா போச்சு. அஞ்சு நிமிஷத்துல சரியாகியிருக்க வேண்டிய பிரச்சினை அது, இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு ஆத்திரம் வருது.

இப்ப உன் லேப்டாப்ல என்ன நடந்துச்சுன்னு பாப்போம். க்ரப்ங்கறது கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் மின்ட்டா விண்டோஸான்னு மெனு காட்டி அத ஓட்டி விடற பூட்லோடர். பழைய மாடல் மிஷின், அதனால டிஸ்க்கு எம்பிஆர் முறையில இருக்கு. எம்பிஆர்ங்கறது டிஸ்க்கோட மொதல் 512 பைட், அதுல 446 பைட்டுதான் பூட் பண்ற கோடுக்கு, அடுத்த 64 பைட்ல பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. அந்த 446 பைட்ல என்னத்த வைக்க முடியும், அதனால க்ரப் தன்னைய மூணு துண்டா பிரிச்சு வச்சுக்குது. மொதல் துண்டு அந்த 446 பைட்டுக்குள்ள. ரெண்டாவது துண்டு கோர் இமேஜ், அது மொதல் பார்ட்டிஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருக்கற காலி எடத்துல உக்காந்திருக்கும். மூணாவது துண்டுதான் பெரிசு, மெனு, மாட்யூல்னு சொல்ற சின்ன சின்ன உதவி ப்ரோக்ராம் எல்லாம், அது மின்ட் பார்ட்டிஷனுக்குள்ள பூட் ஃபோல்டர்ல க்ரப்ங்கற ஃபோல்டர்ல இருக்கு. உனக்கு "க்ரப் ரெஸ்க்யூ"ன்னு வருதுன்னா மொதல் ரெண்டு துண்டும் நல்லா ஓடுது, மூணாவத தேடிப் போன எடத்துல அது இல்ல, அவ்ளோதான் அர்த்தம்.

ஏன் இல்ல? எம்பிஆர்ல நாலு ப்ரைமரி பார்ட்டிஷன்தான் வைக்கலாம், அதுக்கு மேல வேணும்னா எக்ஸ்டெண்டட் ஒண்ணு போட்டு அதுக்குள்ள லாஜிக்கல் பார்ட்டிஷன், அதோட நம்பர் 5லேர்ந்து ஆரம்பிக்கும். உன் ஈ டிரைவ் 5, மின்ட் 6ன்னு இருந்திருக்கணும். லாஜிக்கல் நம்பர் நிரந்தரமா ஒட்டி வச்ச நம்பர் கெடையாது, வரிசையில எத்தனாவதுங்கறதுதான் நம்பர். பஸ் ஸ்டாண்டுல க்யூல நிக்கறப்ப முன்னாடி ஆள் ஒருத்தர் போயிட்டா நாம ஒரு எடம் முன்னாடி வந்துடுவோம்ல, அதே மாதிரி 5 போனதும் மின்ட்டு 6லேர்ந்து 5க்கு வந்துடுச்சு. க்ரப்போட ரெண்டாவது துண்டுல இன்ஸ்டால் பண்ண அன்னிக்கு எழுதி வச்சது 6, அது இன்னமும் 6ம் நம்பர் வீட்டு கதவ போய் தட்டிட்டு யாரும் இல்லன்னு சொல்லுது. (சில பேருக்கு இதே தப்புல "அன்நோன் ஃபைல்சிஸ்டம்"னு வரும், மின்ட்டுக்கு பின்னாடி ஸ்வாப்னு, மெமரி பத்தாதப்ப லினக்ஸ் யூஸ் பண்ற ஒரு பார்ட்டிஷன் இருந்து அது 7லேர்ந்து 6 ஆயிருக்கும், கதவ தொறந்தா உள்ள ஸ்வாப் இருக்கு, அதனால அந்த எரர்.)

இனிமே ஒவ்வொண்ணா அடி. அந்த ஸ்க்ரீன்ல மொதல்ல எல்எஸ்னு மட்டும் அடிச்சு என்டர் தட்டு. (எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்5) (எச்டி0,எம்எஸ்டாஸ்2) (எச்டி0,எம்எஸ்டாஸ்1)னு ஒரு வரி வரும். அத போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோ. அடுத்து எல்எஸ், ஒரு ஸ்பேஸ், அப்புறம் பிராக்கெட்டோட சேத்து ஒவ்வொரு பார்ட்டிஷனா அடிச்சு பாரு. விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு "அன்நோன் ஃபைல்சிஸ்டம்"னு சொல்லும், இங்கதான் நெறைய பேரு டிஸ்க்கே போயிடுச்சுன்னு நெனச்சு உடஞ்சு போயிடறாங்க. அப்படி இல்லம்மா. ரெஸ்க்யூ மோட்ல க்ரப்புக்கு கையில இருக்கறது லினக்ஸ் ஃபைல்சிஸ்டம் படிக்கற ஒரு மாட்யூல்தான், விண்டோஸோட என்டிஎஃப்எஸ் படிக்கற மாட்யூல் அந்த மூணாவது துண்டுல இருக்கு, அதத்தான் நாம இன்னும் கண்டுபிடிக்கலயே. எந்த நம்பருக்கு "ஃபைல்சிஸ்டம் ஈஸ் எக்ஸ்ட்2"ன்னு வருதோ அதுதான் உன் மின்ட்டு. எக்ஸ்ட்4 போட்டிருந்தாலும் எக்ஸ்ட்2ன்னுதான் காட்டும், குழம்பிக்காத.

சந்தேகம் தீரணும்னா அதே வரிய கடைசியில ஒரு ஸ்லாஷ் சேத்து அடி, எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்5)/ன்னு. பூட், ஈடிசி, ஹோம்னு ஃபோல்டர் பேரா வந்து விழும். அந்த "ஹோம்"தான் உன் ப்ராஜெக்ட் இருக்கற வீடு.

அப்புறம் நாலே வரி. செட் ப்ரீஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/க்ரப், இது ஒண்ணு. ஈக்வல் குறிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஸ்பேஸ் விடாத, விட்டா ஏத்துக்காது. ரெண்டாவது செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5). மூணாவது இன்ஸ்மாட் நார்மல். இதுக்கு எந்த பதிலும் வராம அடுத்த வரிக்கு போச்சுன்னா நல்ல சகுனம். நாலாவது நார்மல்னு மட்டும் அடி. அவ்ளோதான், உன் பழைய மெனு கண்ணு முன்னாடி வந்து நிக்கும், மின்ட்டும் விண்டோஸும் அதுல இருக்கும். மெனுவுல இருக்கற வரிங்க பார்ட்டிஷன யுயுஐடிங்கற அதோட தனி அடையாள எண்ண வச்சு தேடும், நம்பர் மாறுனாலும் அது மாறாது, அதனால மின்ட்டு ஒழுங்கா லோடாகும்.

இதோட விட்டுட்டா நாளைக்கு மறுபடியும் இதே ஸ்க்ரீன்தான். நீ இப்ப அடிச்சது மெமரியில மட்டும் இருக்கு, டிஸ்க்குல எழுதல. மின்ட்டுக்குள்ள போனதும் மொத வேலையா ப்ராஜெக்ட்ட ஒரு பென்டிரைவ்ல காப்பி எடு, அப்புறம் டெர்மினல் தொறந்து சூடோ க்ரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ அடி. எஸ்டிஏ5 இல்ல, நம்பர் இல்லாம வெறும் எஸ்டிஏ, முழு டிஸ்க்கு. இங்க நம்பர் சேத்து அடிச்சுட்டு சரியாகலன்னு எழுதுறவங்க நெறைய. பின்னாடியே சூடோ அப்டேட்-க்ரப். முடிஞ்சுது. கடைசி வரையும் வரலன்னா மின்ட்டு இன்ஸ்டால் பண்ண பென்டிரைவ்ல லைவ்வா (எதையும் இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லேர்ந்தே) பூட் பண்ணு, அதோட மெனுவுலயே பூட் ரிப்பேர்னு ஒரு டூல் இருக்கும், அதுல "ரெகமண்டட் ரிப்பேர்" மட்டும் குடு, மத்த பட்டன்ல கை வைக்க வேணாம்.

கேள்வி: சார், புது லேப்டாப், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 கூட உபுண்டு. பயாஸ் அப்டேட் ஒண்ணு வந்துச்சுன்னு போட்டேன், அதுலேர்ந்து க்ரப் மெனுவே வர்றதில்ல, நேரா விண்டோஸ் போயிடுது. உபுண்டு பார்ட்டிஷன் அப்படியே இருக்கு. நீங்க முன்ன ஒரு தடவ எழுதுன க்ரப் இன்ஸ்டால் கமாண்ட லைவ் பென்டிரைவ்லேர்ந்து குடுத்தேன், எரர்தான் வருது.
(ஐடி ஊழியர், ஓசூர்)

பதில்: மேல திண்டுக்கல் தங்கச்சிக்கு சொன்ன கதை உங்களுக்கு பொருந்தாது சார், உங்க மிஷின் யுஇஎஃப்ஐ, பழைய பயாஸுக்கு பதிலா வந்த புது முறை (பேச்சுல அதையும் பயாஸ்னுதான் சொல்றோம்). இதுல பூட்லோடர்ங்கறது டிஸ்க்கோட மூலையில ஒளிச்சு வச்ச துண்டு கெடையாது, சாதா ஃபைல்தான். டிஸ்க்குல ஃபேட்32 ஃபார்மேட்ல இஎஸ்பின்னு ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும், அதுல ஈஎஃப்ஐங்கற ஃபோல்டருக்குள்ள மைக்ரோசாஃப்ட்னு ஒரு ஃபோல்டர், உபுண்டுன்னு ஒரு ஃபோல்டர். எந்த ஃபைல மொதல்ல ஓட்டணும்ங்கற லிஸ்ட்டு மட்டும் மதர்போர்டு மெமரியில இருக்கும். பயாஸ் அப்டேட் பண்ணும்போது சில மிஷின்ல அந்த லிஸ்ட்டு அழிஞ்சுடும். உங்களுக்கு ஃபைல் இருக்கு, லிஸ்ட்டுல பேரு இல்ல, இப்படித்தான் எனக்கு படுது.

அதனால டெர்மினலுக்கு போறதுக்கு முன்னாடி லேப்டாப்ப ஆன் பண்ணதும் எஃப்12ஓ எஃப்9ஓ எஸ்கேப்போ, உங்க மாடலுக்கு எதுவோ அத தட்டி பூட் மெனு பாருங்க. அங்க உபுண்டுன்னு பேரு இருந்தா பயாஸ் செட்டப் போயி வரிசைய மாத்தி மேல கொண்டு வந்தா போதும், ரெண்டு நிமிஷம்.

பேரே இல்லன்னா லைவ் பென்டிரைவ். உங்களுக்கு ஏன் எரர் வந்துச்சுன்னும் சொல்றேன், ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, பென்டிரைவே பழைய பயாஸ் மோட்ல பூட் ஆகியிருக்கும். லைவ்ல உக்காந்து /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐன்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா நீங்க யுஇஎஃப்ஐ மோட்ல இல்ல, அங்க உக்காந்து எத்தன தடவ அடிச்சாலும் மதர்போர்டு லிஸ்ட்ட தொட முடியாது. பூட் மெனுவுல பென்டிரைவ் பேரு ரெண்டு தடவ காட்டும், யுஇஎஃப்ஐன்னு முன்னாடி போட்டத எடுங்க. ரெண்டாவது காரணம், லைவ்லேர்ந்து நேரா க்ரப் இன்ஸ்டால் குடுத்தா அது பென்டிரைவ்ல ஓடற சிஸ்டத்துக்குதான் இன்ஸ்டால் பண்ண பாக்கும், உங்க டிஸ்க்குல இருக்கற உபுண்டு அதுக்கு தெரியாது.

யுஇஎஃப்ஐ மோட்ல வந்தாச்சுன்னா சூடோ ஈஎஃப்ஐபூட்மேனேஜர் (மேனேஜர எம்ஜிஆர்னு மூணு எழுத்துல அடிக்கணும்), பின்னாடி ஹைஃபன் வி. லிஸ்ட்டு முழுசா வரும், பூட்0000, பூட்0001னு நம்பர் போட்டு. உபுண்டு அதுல இல்லன்னா நாமளே சேத்துடலாம்: அதே கமாண்டுக்கு பின்னாடி ஹைஃபன் சி, ஹைஃபன் டி போட்டு டிஸ்க்கு பேரு (பெரும்பாலும் /டெவ்/என்விஎம்இ0என்1), ஹைஃபன் பி போட்டு இஎஸ்பி எத்தனாவது பார்ட்டிஷனோ அந்த நம்பர், ஹைஃபன் பெரிய எல் போட்டு உபுண்டுன்னு பேரு, கடைசியா ஹைஃபன் சின்ன எல் போட்டு '\ஈஎஃப்ஐ\உபுண்டு\ஷிம்எக்ஸ்64.ஈஎஃப்ஐ'. இந்த பாதையில மொதல் ஈஎஃப்ஐ பெரிய எழுத்து, ஸ்லாஷ் எல்லாம் பின்னாடி சாயுற ஸ்லாஷ், ரெண்டு பக்கமும் ஒத்தக் கொட்டேஷன் கண்டிப்பா வேணும், இல்லன்னா டெர்மினல் அந்த ஸ்லாஷ முழுங்கிடும். இஎஸ்பி எதுன்னு தெரியலன்னா சூடோ எஃப்டிஸ்க் ஹைஃபன் எல் குடுத்தா "ஈஎஃப்ஐ சிஸ்டம்"னு எழுதியே காட்டும்.

ஃபைலும் போயிருந்தாதான் க்ரூட் வழி. சீஎச்-ரூட்டுன்னும் சொல்வாங்க, பென்டிரைவ்ல பூட் பண்ணிட்டு உங்க டிஸ்க்குல இருக்கற உபுண்டுக்குள்ள போயி உக்காந்துக்கறது. உபுண்டு பார்ட்டிஷன /எம்என்டில மவுண்ட் பண்ணுங்க (ஒரு ஃபோல்டர் மாதிரி இணைக்கறது), இஎஸ்பிய /எம்என்டி/பூட்/ஈஎஃப்ஐல மவுண்ட் பண்ணுங்க, அப்புறம் டெவ், ப்ராக், சிஸ், ரன் நாலையும் மவுண்ட் ஹைஃபன் ஹைஃபன் ஆர்பைண்ட் போட்டு உள்ள இணைங்க. இந்த நாலுல சிஸ்ஸ மறந்தா மதர்போர்டு லிஸ்ட்டு உள்ளேர்ந்து தெரியாது, நெறைய பேரு இங்கதான் மாட்டறாங்க. அப்புறம் சூடோ சீஎச்ரூட் /எம்என்டி, உள்ள போனதும் க்ரப்-இன்ஸ்டால், அப்டேட்-க்ரப். டிஸ்க்க என்க்ரிப்ட் பண்ணியிருந்தீங்கன்னா மவுண்டுக்கு முன்னாடியே கிரிப்ட்செட்டப் வச்சு பூட்ட தொறக்கணும்.

அப்டேட்-க்ரப் குடுத்தும் மெனுவுல விண்டோஸ் காணோம்னா பதறாதீங்க, க்ரப் 2.06லேர்ந்து மத்த ஓஎஸ்ஸ தேடறத டீஃபால்ட்டா நிறுத்திட்டாங்க. /ஈடிசி/டீஃபால்ட்/க்ரப் ஃபைல்ல க்ரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்னு முழுக்க பெரிய எழுத்துல ஒரு வரி, அதுக்கு ஃபால்ஸ்னு குடுத்துட்டு திரும்ப ஓட்டுங்க. இந்த பதில் உபுண்டு, டெபியன், மின்ட்டுக்குத்தான். ஃபெடோரா வச்சிருக்கறவங்க யுஇஎஃப்ஐ மிஷின்ல க்ரப் இன்ஸ்டால் கமாண்ட தொடவே தொடாதீங்க, அங்க ஷிம் (க்ரப்புக்கு முன்னாடி ஓடி அத எழுப்பற சின்ன ப்ரோக்ராம்), க்ரப் பேக்கேஜ டிஎன்எஃப் ரீஇன்ஸ்டால் பண்றதுதான் சரியான வழி.

கேள்வி: அலமாரியில ரொம்ப நாளா கெடந்த லேப்டாப்ப எடுத்தேன். விண்டோஸ் நல்லா ஓடுது. உபுண்டு செலக்ட் பண்ணா "வெரிஃபையிங் ஷிம் எஸ்பேட் டேட்டா ஃபெயில்டு", "சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்"னு ரெண்டு வரி காட்டிட்டு ஆஃப் ஆயிடுது. சரி ரிப்பேர் பண்ணலாம்னு பழைய உபுண்டு பென்டிரைவ் போட்டா அதுவும் அதே எரர். டிஸ்க் போச்சா?
(பள்ளி ஆசிரியை, கோயம்புத்தூர்)

பதில்: டிஸ்க்கும் போகல, க்ரப்பும் உடையல டீச்சர். உங்க பூட்லோடருக்கு வயசாயிடுச்சுன்னு மிஷின் உள்ள விட மாட்டேங்குது, அவ்ளோதான். பென்டிரைவும் அதே காலத்து பென்டிரைவ்ங்கறதால அதையும் தடுக்குது.

இதுக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு. 2020 ஜூலைல க்ரப்புல பூட்ஹோல்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. க்ரப் கான்ஃபிக் ஃபைல படிக்கற எடத்துல பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்குன எடத்துக்கு மேல டேட்டா வழியறது), அத வச்சு செக்யூர் பூட்டயே, அதாவது கையெழுத்து இல்லாத பூட்லோடர ஓட விடாம தடுக்கற காவலையே தாண்டலாம். ஓட்டை இருக்கற பழைய பூட்லோடர் ஒவ்வொண்ணையும் தடை லிஸ்ட்டுல ஏத்த வேண்டியதாச்சு, 3 சர்டிஃபிகேட்டு, 150 ஹேஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி). மதர்போர்டுல அந்த லிஸ்ட்டுக்கு சாதாரணமா இருக்கற எடமே 32 கேபிதான், இந்த ஒரு ஓட்டைக்கே 10 கேபி போச்சு. இன்னும் ரெண்டு ஓட்டை வந்தா லிஸ்ட்டே நெறஞ்சுடும். அதனால எஸ்பேட்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க, ஒவ்வொரு ஃபைலா தடுக்காம தலைமுறை நம்பர் குடுத்து "இந்த நம்பருக்கு கீழ எதுவும் ஓடாது"ன்னு ஒரே வரியில தடுக்கறது. நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

2024 ஆகஸ்ட் 13 விண்டோஸ் அப்டேட்ல மைக்ரோசாஃப்ட் அந்த நம்பர ஏத்துனாங்க. லினக்ஸும் சேத்து போட்ட மிஷின்ல இது போகாதுன்னு சொல்லியிருந்தாங்க, ஆனா அந்த மாதிரி மிஷின் எல்லாத்தையும் அவங்க சோதனை கண்டுபிடிக்கல, உலகம் முழுக்க பழைய ஷிம் வச்சிருந்த எத்தனையோ பேருக்கு நீங்க பாத்த அதே ரெண்டு வரி வந்துச்சு. அந்த அப்டேட் உங்க மிஷின்லயும் ஏறியிருக்கணும், அதான்.

சரி பண்றது சுலபம், ஆனா ஒரு விஷயம் மொதல்ல. விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கற வசதி) ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க, ஆகியிருந்தா ரெகவரி கீய பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டுதான் அடுத்த வேலை. 48 இலக்கம், ஒவ்வொரு இலக்கமா சரி பாத்து எழுதுங்க. செக்யூர் பூட்ட மாத்துனா அடுத்த தடவ விண்டோஸ் அந்த கீய கேக்க வாய்ப்பிருக்கு, அப்ப கையில இல்லன்னா நல்லா இருந்த விண்டோஸ்க்குள்ளயும் போக முடியாம ஆயிடும்.

அப்புறம் பயாஸ் போயி செக்யூர் பூட்ட டிசேபிள் பண்ணுங்க, உபுண்டு வந்துடும். டெர்மினல்ல சூடோ மோக்யுடில், ஹைஃபன் ஹைஃபன் செட்-எஸ்பேட்-பாலிசி, டிலீட். ரீஸ்டார்ட் பண்ணி செக்யூர் பூட் ஆஃப்லயே இன்னொரு தடவ உபுண்டுக்குள்ள போங்க, அப்பதான் அந்த மாற்றம் ஏறும். அப்படியே சிஸ்டத்த முழுசா அப்டேட் பண்ணி புது ஷிம்மும் புது க்ரப்பும் ஏத்திடுங்க. கடைசியா செக்யூர் பூட்ட திரும்ப ஆன் பண்ணுங்க. அத ஆஃப்லயே விட்டுடாதீங்க டீச்சர், பசங்க மார்க், வீட்டு பேங்க் கணக்கு எல்லாம் இருக்கற மிஷின். பழைய பென்டிரைவ அழிச்சு இப்ப வர்ற புது ஐஎஸ்ஓ எழுதிக்கோங்க.

கேள்வி: பழைய 500 ஜிபி டிஸ்க்குல க்ரப் நல்லா ஓடிட்டு இருந்தப்ப டிடி கமாண்ட் (டிஸ்க்க பைட் பைட்டா காப்பி எடுக்கறது) வச்சு எம்பிஆர் பேக்கப் எடுத்து வச்சிருந்தேன். அப்புறம் 1 டிபி டிஸ்க் மாத்துனேன், அதுல க்ரப் கெட்டுப்போச்சு. அந்த பேக்கப்ப புது டிஸ்க்குல எழுதுனேன். இப்ப க்ரப்பும் வரல, லைவ்ல பாத்தா பார்ட்டிஷன் எல்லாம் பழைய டிஸ்க் சைஸ்ல காட்டுது, எதுவும் மவுண்ட் ஆகல.
(டிடிபி சென்டர் வச்சிருப்பவர், திருச்சி)

பதில்: மொதல்ல கைய எடுத்துடுங்க சார். டிஸ்க்குல இனிமே ஒரு பைட்டும் எழுதக்கூடாது, ரிப்பேர் டூல்னு எதையும் ஓட்டாதீங்க, எஃப்எஸ்சிகேங்கற டிஸ்க் செக் கமாண்ட் கூடவே கூடாது.

அந்த கமாண்டுல எத்தன பைட்டுங்கற எடத்துல பிஎஸ்=512ன்னு போட்டு எழுதியிருப்பீங்க. மேல சொன்ன கணக்க பாருங்க, 446 வரைக்கும்தான் கோடு, அதுக்கப்புறம் 64 பைட்டு பார்ட்டிஷன் டேபிள். 512 எழுதுனதுல பழைய டிஸ்க்கோட டேபிள் புது டிஸ்க்கு மேல வந்து உக்காந்துடுச்சு. வீடெல்லாம் அப்படியே இருக்கு, வேற ஊரு மேப்ப கையில வச்சுக்கிட்டு கதவ தேடற நெலமைதான். 446ன்னு போட்டிருந்தாலும் க்ரப் வந்திருக்கும்னு சொல்ல முடியாது, அதோட ரெண்டாவது துண்டு அந்த பேக்கப்ல இல்லையே, ஆனா டேபிளாவது தப்பிச்சிருக்கும்.

கஸ்டமர் வேலை எல்லாம் இருக்குன்னா மொதல்ல இன்னொரு பெரிய டிஸ்க்கு வாங்கி டிடிரெஸ்க்யூல முழு இமேஜ் எடுத்துடுங்க, இதுக்கு யோசிக்காதீங்க. அப்புறம் லைவ்ல டெஸ்ட்டிஸ்க் இன்ஸ்டால் பண்ணி சூடோவோட ஓட்டுங்க. டிஸ்க்க செலக்ட் பண்ணி, இன்டெல், அனலைஸ், க்விக் சர்ச். கண்டுபிடிச்ச பார்ட்டிஷன ஒவ்வொண்ணா பச்சை கலர்ல வரிசையா காட்டும். அந்த வரியில நின்னு பி தட்டுனா உள்ள இருக்கற ஃபைல் பேரு தெரியும், உங்க கஸ்டமர் ஃபோல்டர் பேரு அங்க வந்துடுச்சுன்னா அந்த பார்ட்டிஷன் சரியான எடத்துல கெடச்சாச்சு. எல்லாத்தையும் இப்படி கண்ணால பாத்த பிறகுதான் ரைட் குடுக்கணும். ஏதாவது ஒண்ணு கொறஞ்சா டீப்பர் சர்ச், அது மணிக்கணக்குல ஓடும், ஓடட்டும். டேபிள் சரியான பிறகு க்ரப்புக்கு க்ரூட் வழிதான், ஓசூர்காரருக்கு சொன்ன மாதிரி, இஎஸ்பி மவுண்ட் மட்டும் உங்களுக்கு வேணாம், க்ரப்-இன்ஸ்டாலுக்கு பின்னாடி /டெவ்/எஸ்டிஏ சேத்துக்கணும்.

இனிமே பேக்கப் எடுக்கறதுன்னா சூடோ எஸ்எஃப்டிஸ்க் ஹைஃபன் டி /டெவ்/எஸ்டிஏ குடுத்து வர்றத ஒரு ஃபைல்ல சேவ் பண்ணி ப்ரின்ட்டும் எடுத்து கேபினெட் உள்பக்கம் ஒட்டிடுங்க. எந்த பார்ட்டிஷன் எந்த செக்டார்ல ஆரம்பிக்குதுன்னு நம்பரா இருக்கும். அந்த பேப்பர் எந்த டிஸ்க்குக்குன்னு மேல எழுத மறக்காதீங்க.

கேள்வி: ஐயா, எங்க அச்சகத்தில் ஒரு பழைய ஸ்லாக்வேர் லினக்ஸ் இயந்திரம் இன்னும் உள்ளது, பழைய எழுத்துருக் கோப்புகள் அதில்தான் உள்ளன. லிலோ பூட்லோடர். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கோப்பை நகர்த்தி வைத்தேன், இப்போது திரையில் எல்ஐ என்று இரண்டு எழுத்து மட்டும் வந்து நின்றுவிடுகிறது.
(அச்சக உரிமையாளர், சிவகாசி)

பதில்: ஐயா, லிலோ (க்ரப்புக்கு முன்னாடி இருந்த பழைய பூட்லோடர்) அந்த ரெண்டு எழுத்துலயே உங்களுக்கு பதில் சொல்லிடுச்சு. அது நாலு எழுத்தையும் ஒரே தடவையில போடாது, ஒவ்வொரு கட்டம் தாண்டும்போது ஒரு எழுத்து போடும். எல்ஐ வரைக்கும் வந்துச்சுன்னா மொதல் பாகம் ஓடி ரெண்டாவது பாகத்த எடுத்தாச்சு, அத ஓட்ட முடியல. பூட் ஃபோல்டர்ல ஃபைல எடம் மாத்துனா இப்படி ஆகும், ஏன்னா லிலோவுக்கு ஃபைல் பேரு தெரியாது, டிஸ்க்குல எந்த எடத்துலேர்ந்து படிக்கணும்ங்கற கணக்கு மட்டும்தான் எழுதி வச்சிருக்கும். கர்னல மட்டும்தான் நகர்த்துனேன்னு நெனைக்கிறீங்க, கூடவே லிலோவோட ஃபைலும் நகர்ந்திருக்கணும்.

ஸ்லாக்வேர் சிடி போட்டு பூட் பண்ணி ரூட் பார்ட்டிஷன /எம்என்டில மவுண்ட் பண்ணுங்க, நகர்த்துன ஃபைல பழைய எடத்துலயே திரும்ப வைங்க, அப்புறம் லிலோ ஹைஃபன் ஆர் /எம்என்டி. "ஆடட்"னு ஒரு வரி வந்தா எழுதிடுச்சுன்னு அர்த்தம். அந்த லிலோவ உருவாக்குறத 2015 டிசம்பரோட நிறுத்திட்டாங்க, அதனால இது சரியானதும் மொத வேலையா எழுத்துரு கோப்பு எல்லாத்தையும் ரெண்டு எடத்துல காப்பி எடுத்து வச்சுடுங்க. அதுல யுனிகோடுக்கு முந்தின எழுத்துரு ஏதாவது இருந்தா எனக்கு ஒரு வரி எழுதுங்க, அத மாத்தறது எப்படின்னு அடுத்த மாசம் விரிவா எழுதறேன்.